கையில் ஒரு மரு: கிள்ளுவதற்கு முன் அறிய வேண்டியவை

சென்ற கோடை விடுமுறையின் முடிவில், எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை அவனுடைய தாயார் அழைத்து வந்தார். வலக்கையைக் கால்சட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே அவனுக்கு மனமில்லை. பலமுறை கேட்ட பின் காட்டினான். விரல்களின் மேற்புறத்தில் நான்கைந்து மருக்கள் இருந்தன; அவற்றைச் சுற்றிலும் தோல் வெந்து புண்ணாகியிருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டுச் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைத்திருக்கின்றனர். மருக்கள் அப்படியே இருந்தன. வெந்தது பெரும்பாலும் சுற்றியிருந்த நல்ல தோல்தான்.

தாயாரின் கவலை இரண்டு. "இது ஒட்டிக்குமா டாக்டர்? வீட்டுல சின்னவ ஒருத்தி இருக்கா. தட்டு, டம்ளர் தனியா வெக்கணுமா?" என்பது ஒன்று. "பின்னாடி புத்துநோயா மாறிடுமா?" என்பது மற்றொன்று. சிறுவனின் கவலையோ வேறு. பள்ளி திறந்தால் பக்கத்தில் அமரும் பையன்கள் தன் கையைத் தொட மறுப்பார்களே என்பதுதான் அவனை வாட்டியது.

இம்மூன்று கவலைகளும் நம் பொம்மிடி வட்டாரத்தில் பல வீடுகளில் உள்ளவை. ஆகவே மருவைப் பற்றி நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

மரு என்பது யாது?

மரு என்பது தோலின் மேலடுக்கில் ஒரு வைரஸ் ஏற்படுத்தும் சிறு வளர்ச்சி. அந்த வைரஸின் பெயர் மனித பாப்பிலோமா வைரஸ். மருவைப் பிறருக்கு ஏற்படுத்துவது கண்ணுக்குப் புலப்படாத, வடிகட்டியையும் கடந்து செல்லும் கிருமி என்பதை இத்தாலிய மருத்துவர் சியூஃபோ 1907ஆம் ஆண்டிலேயே காட்டினார். இன்று இவ்வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. கைகளில் வரும் சாதாரண மருவுக்கு 2, 4, 27, 57 ஆகிய எண்ணுள்ள வகைகளே பெரும்பாலும் காரணம்.

இரத்தத்தில் உள்ள கெட்ட நீரோ உடற்சூடோ மருவுக்குக் காரணம் அன்று. உண்ணும் உணவாலும் அது வருவதில்லை. தவளையைத் தொட்டால் மரு வரும் என்பதும் உண்மை அன்று.

'மருவுக்கு வேர் உண்டு; வேரோடு பிடுங்கினால்தான் போகும்' என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மருவுக்கு வேர் கிடையாது. அது தோலின் மேலடுக்கிலேயே வளர்கிறது. அடித்தோலையோ தசையையோ எலும்பையோ ஊடுருவுவதில்லை. மருவின் நடுவே காணப்படும் கரும்புள்ளிகளைத்தான் மக்கள் வேர் என எண்ணுகின்றனர். அவை இரத்தம் உறைந்துபோன நுண்ணிய இரத்தக் குழாய்கள். வேரைத் தேடி ஆழமாகத் தோண்டுவோருக்கு மிஞ்சுவது தழும்பு மட்டுமே.

மருவின் வகைகள்

சாதாரண மரு: விரல்களிலும் புறங்கையிலும் முழங்காலிலும் வரும். மேற்பரப்பு சொரசொரப்பாக, காலிஃபிளவர் பூவைப் போல இருக்கும். நகம் கடிக்கும் பிள்ளைகளுக்கு நகத்தின் ஓரத்திலும் அடியிலும் வருவதுண்டு.

பாத மரு: உள்ளங்காலில் வரும். உடலின் பாரம் அழுத்துவதால் வெளியே புடைக்காமல் உள்நோக்கி அமுங்கியிருக்கும். நடக்கும்போது கல் குத்துவதைப் போல வலிக்கும்.

தட்டை மரு: முகத்திலும் புறங்கையிலும் சிறிய, தட்டையான புள்ளிகளாகப் பல தோன்றும். பருக்களாகவோ மங்காகவோ எண்ணிப் பலர் ஏமாறுவர்.

இழை மரு: உதட்டோரம், மூக்கு, இமை, தாடிப் பகுதி ஆகிய இடங்களில் மெல்லிய இழையைப் போல நீண்டு நிற்கும்.

பிறப்புறுப்பு மரு: இது பெரும்பாலும் 6, 11 ஆகிய வகைகளால் உண்டாவது, முதன்மையாகப் பாலுறவின் வழியே பரவுவது. இதற்குக் கடைமருந்து வாங்கித் தடவக் கூடாது. கணவன், மனைவி இருவரும் வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறு குழந்தைக்கு அவ்விடத்தில் மரு தென்பட்டால் தாமதமின்றி அழைத்து வாருங்கள்.

மருவா, வேறொன்றா?

நம் பகுதியில் தோலின் மேல் புடைத்து நிற்கும் எல்லாவற்றையும் மரு என்றோ பாலுண்ணி என்றோ சொல்லிவிடுகிறோம். ஆனால் அவை பல வேறு நிலைகள். சிகிச்சையும் வேறு வேறு.

முதலாவது, காலாணி. உள்ளங்கால் மருவையும் காலாணியையும் பிரித்தறிய மூன்று வழிகள் உண்டு. கை ரேகைகளைப் போலவே காலிலும் நுண்ணிய தோல் ரேகைகள் ஓடுகின்றன. காலாணியின் மேல் இந்த ரேகைகள் தொடர்ந்து செல்லும். மருவில் அவை விலகிச் சுற்றிப் போகும். மேலே தடித்த தோலைத் தேய்த்தால் மருவில் கரும்புள்ளிகள் தெரியும். காலாணியில் கண்ணாடி போன்ற கடினமான நடுப்பகுதி தெரியும். நேராக அழுத்தினால் காலாணி மிகுதியாக வலிக்கும். இரு பக்கமும் கிள்ளுவதைப் போல் அழுத்தினால் மரு மிகுதியாக வலிக்கும்.

இரண்டாவது, கழுத்திலும் அக்குளிலும் சிறு காம்புடன் தொங்கும் மென்மையான சதைத் துணுக்குகள். இவை வைரஸால் வருவன அல்ல, பரவுவதும் இல்லை. உடல் எடை கூடியவர்களிடமும் சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் இவை மிகுதி. ஆகவே இவை பலவாகத் தோன்றினால் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நன்று.

மூன்றாவது, குழந்தைகளுக்கு முத்தைப் போலப் பளபளப்பாக, நடுவில் சிறு குழியுடன் வரும் கட்டிகள். கிள்ளினால் வெண்மையான பொருள் வெளிவரும். மொலஸ்கம் எனப்படும் இதற்குக் காரணம் வேறொரு வைரஸ்.

நான்காவது, நடுவயதுக்குப் பின் முகத்திலும் முதுகிலும் ஒட்டவைத்தது போலத் தோன்றும் பழுப்பு அல்லது கருமையான திட்டுகள். இவையும் மரு அல்ல, பெரும்பாலும் தீங்கற்றவை.

மரு எவ்வாறு பரவுகிறது?

மரு தொற்றக்கூடியதே. ஆனால் காற்றின் வழியே பரவாது. உணவின் வழியும் பரவாது. மருவை நேரடியாகத் தொடுவதாலும், மருவுள்ளவர் பயன்படுத்திய துண்டு, பிளேடு, நகவெட்டி போன்றவற்றாலும் பரவலாம். தோலில் சிறு கீறலோ வெடிப்போ இருந்தால்தான் வைரஸ் உள்ளே நுழைய முடியும். நுழைந்தபின் மரு கண்ணுக்குத் தெரியச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள்வரை ஆகும். எனவே எவரிடமிருந்து வந்தது என்று தேடிக் குறைகூறுவதில் பொருளில்லை.

ஒருவரின் உடலுக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பரவுவதுதான் அதிகம். நகம் கடிக்கும் பிள்ளைக்கு விரலிலிருந்து உதட்டுக்குச் செல்லும். முகத்தில் மருவுள்ளவர் சவரம் செய்தால், பிளேடு சென்ற வழியே கோடு போட்டாற்போல மருக்கள் வரிசையாக முளைக்கும். புருவம் திருத்த நூலிழுத்தபின் புருவ ஓரத்தில் மரு வந்த பெண்களும் உண்டு. ஈரத்தில் ஊறிய பாதம், கிணற்றடியிலோ பொதுக் குளியலிடத்திலோ சொரசொரப்பான கல்லில் உராயும்போதும் வைரஸ் எளிதில் நுழையும்.

ஆகவே அந்தத் தாயாருக்கு நான் கூறிய விடை இது: தட்டும் டம்ளரும் தனியே வேண்டியதில்லை. துண்டு, நகவெட்டி, கால் தேய்க்கும் கல் ஆகியவை தனியே இருக்கட்டும். பையன் தங்கையுடன் விளையாடலாம். பள்ளிக்கும் செல்லலாம், மருவுக்காக ஒரு நாளும் விடுப்பு எடுக்க வேண்டியதில்லை.

புற்றுநோயாக மாறுமா?

கை கால்களில் வரும் சாதாரண மரு, நல்ல நோய் எதிர்ப்பாற்றல் உள்ளவர்களிடம் புற்றுநோயாக மாறுவதில்லை. இந்த அச்சம் எழக் காரணம் உண்டு. பாப்பிலோமா வைரஸின் 16, 18 போன்ற சில வகைகள் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்குகின்றன. இதைக் கண்டறிந்ததற்காகவே ஜெர்மானிய அறிவியலர் ஹரால்டு சூர் ஹாசன் 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அவ்வகைகள் வேறு, விரலில் மருவைத் தரும் வகைகள் வேறு. கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் தடுப்பூசி பெண் பிள்ளைகளுக்கு மிக அவசியமானது. ஆனால் கைமருவைத் தடுப்பதற்காக அது போடப்படுவதில்லை.

கைகள் மரப்பட்டையைப் போல வளர்ந்துவிட்ட வங்கதேச இளைஞர் ஒருவரின் காணொளியைக் கைபேசியில் காட்டி, 'என் மகனுக்கும் இப்படி ஆகுமா?' எனக் கேட்டவர்களும் உண்டு. அது மிக அரிதான நோய்; இவ்வைரஸை எதிர்க்கும் ஆற்றல் பிறவியிலேயே குறைந்திருப்பவர்களுக்கு மட்டும் வருவது. நம் பிள்ளைகளின் மருவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தானாகவே மறையுமா?

மறையும். குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மருக்கள் தாமாகவே மறைந்துவிடுகின்றன. பெரியவர்களுக்கு இது தாமதமாகும். வைரஸ் தோலின் மேலடுக்கிலேயே ஒளிந்திருப்பதால் உடலின் காவற்படைக்கு அது எளிதில் புலப்படுவதில்லை. ஒருநாள் புலப்பட்டுவிட்டால், பல மருக்கள் ஒரே காலத்தில் உதிர்ந்துபோவதும் உண்டு.

கோயிலில் உப்பும் மிளகும் கொட்டி வேண்டிக்கொண்டபின் மரு மறைந்தது எனப் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். வைத்தீசுவரன் கோயில் போன்ற தலங்களில் இன்றும் அவ்வழக்கம் உள்ளது. அவர்கள் பொய் கூறவில்லை. மரு மறைந்தது உண்மை. தானே மறையும் இயல்புடைய ஒன்றுக்கு, கடைசியாக எதைச் செய்தோமோ அதுவே மருந்தாகத் தோன்றும். நேர்த்திக்கடனால் தோலுக்குத் தீங்கில்லை. மனத்துக்கு ஆறுதலும் உண்டு. செலுத்த விரும்புவோர் செலுத்தலாம். என் கவலையெல்லாம் தோலைச் சுடும் வைத்தியங்களைப் பற்றியதே.

செய்யக் கூடாதவை

எருக்கம்பால் வைக்காதீர்கள். தோலைப் புண்ணாக்கும், அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் கருவிழி பாதிக்கப்பட்டுப் பார்வை மங்கும்.

சுண்ணாம்பு, சலவைச் சோடா, முந்திரிக்கொட்டை எண்ணெய், கழிப்பறை கழுவும் அமிலம் ஆகியவற்றை வைக்காதீர்கள். இவை மருவையும் நல்ல தோலையும் பிரித்தறியா.

ஊதுபத்தியால் சுடாதீர்கள். குதிரை முடியோ நூலோ கட்டி இறுக்காதீர்கள். பிளேடால் சீவாதீர்கள். சீவும்போது வடியும் இரத்தத்துடன் வைரஸ் அருகிலுள்ள தோலிலும் பரவி, ஒரு மரு பத்தாகும்.

வீட்டில் செய்யத்தக்க சிகிச்சை

மருவா என்பதை ஒருமுறை மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டபின், கை கால் மருவுக்கு வீட்டிலேயே சாலிசிலிக் அமிலத்தைப் பயன்படுத்தலாம். இதுவே மிகப் பழையதும், நல்ல சான்றுள்ளதும், செலவு குறைந்ததுமான மருந்து. சாலிசிலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் கலந்த திரவமாகச் சிறு குப்பியில் கிடைக்கும். பயன்படுத்தும் முறை வருமாறு:

1. இரவு படுக்கும் முன் மருவுள்ள பகுதியை வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவைத்துத் துடையுங்கள்.

2. வெளுத்து மிருதுவான மேல்தோலை நகம் தேய்க்கும் அட்டையால் மெல்லத் தேய்த்தெடுங்கள். இரத்தம் வரும்வரை தேய்க்காதீர்கள். அந்த அட்டையை வேறிடத்துக்கோ வேறொருவருக்கோ பயன்படுத்தாதீர்கள்.

3. சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவுங்கள்.

4. மருவின் மீது மட்டும் மருந்தை ஒரு துளி வைத்து உலரவிடுங்கள். பாத மருவாயின் மேலே பிளாஸ்திரி ஒட்டுங்கள்.

5. நாள்தோறும் தவறாது செய்யுங்கள். பன்னிரண்டு வாரம்வரை ஆகலாம். தோல் ரேகைகள் மீண்டும் ஒழுங்காக ஓடத் தொடங்குவதே மரு நீங்கியதற்கு அடையாளம்.

எரிச்சலோ புண்ணோ ஏற்பட்டால் சில நாள் நிறுத்தி, ஆறியபின் தொடருங்கள். இம்மருந்து எளிதில் தீப்பற்றும். அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் வைக்காதீர்கள். குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

முகத்திலும் பிறப்புறுப்பிலும் இதைத் தடவக் கூடாது. சர்க்கரை நோயாளிகளும், காலில் இரத்த ஓட்டமோ உணர்ச்சியோ குறைந்தவர்களும், கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடக் கூடாது.

மருத்துவமனையில் அளிக்கும் சிகிச்சைகள்

உறைய வைத்தல்: கழித்தல் 196 பாகை செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜனை மருவின்மீது சில நொடிகள் செலுத்துவோம். எரிச்சலும் வலியும் இருக்கும். மறுநாள் கொப்புளம் வரலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனப் பலமுறை செய்ய நேரும். நம் மாநிறத் தோலில் அவ்விடம் சில மாதங்கள் வெளுத்தோ கறுத்தோ இருக்கக்கூடும்.

மின்சூடு: மரத்துப்போக ஊசியிட்டபின் மின்கருவியால் மருவை அகற்றுவது. ஒரே நாளில் முடியும். ஆனால் தழும்பு உண்டாகலாம். உள்ளங்காலில் ஏற்படும் தழும்பு நடக்கும்தோறும் வலிக்கும் என்பதால் அங்கு இயன்றவரை தவிர்க்கிறோம்.

எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஊசி: பல மருக்கள் இருந்தால், அவற்றுள் பெரிய ஒன்றில் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி மருந்தையோ வைட்டமின் டி மருந்தையோ சில வார இடைவெளியில் செலுத்துவோம். உடலின் காவற்படை விழித்துக்கொண்டு, ஊசியிடாத மற்ற மருக்களையும் நீக்குவதுண்டு. கருவுற்றவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களுக்கும் அந்தத் தடுப்பூசி மருந்தைச் செலுத்துவதில்லை.

'பணம் கூடிய சிகிச்சையே சிறந்தது' என்று எண்ண வேண்டியதில்லை. பாத மரு உள்ள 240 பேரிடம் பிரிட்டனில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், உறைய வைக்கும் சிகிச்சையையும் வீட்டில் தடவும் சாலிசிலிக் அமிலத்தையும் ஒப்பிட்டனர். பன்னிரண்டு வாரத்தில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 14 பேருக்கே மருக்கள் முற்றிலும் நீங்கின. இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. பாத மரு பிடிவாதமானது, பொறுமை வேண்டும். மலிவான மருந்து அதனினும் விலை கூடியதற்குக் குறைந்ததன்று.

எந்தச் சிகிச்சையும் வைரஸை நேரடியாகக் கொல்வதில்லை. ஆகவே நீங்கிய மரு மீண்டும் தோன்றலாம். அது மருத்துவரின் பிழையும் அன்று. உங்கள் பிழையும் அன்று.

தாமதமின்றி வர வேண்டியவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை நோயுள்ள மூதாட்டி ஒருவர், வயல் வேலைக்கு இடையூறாக இருந்த பாத மருவைத் தாமே பிளேடால் அறுத்துக்கொண்டார். உணர்ச்சி குறைந்த கால் ஆதலால் வலிக்கவில்லை. புண் சீழ்பிடித்து, காய்ச்சல் வந்த பின்னரே வந்தார். ஒரு விரலை இழந்துதான் காலைக் காக்க முடிந்தது. மருவால் அவர் விரல் போகவில்லை, பிளேடால் போனது. இதை ஒவ்வொரு சர்க்கரை நோயாளியின் வீட்டாரும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

கீழ்க்காணும் நிலைகளில் வீட்டு மருந்து வேண்டாம். நேரே மருத்துவரிடம் வாருங்கள்.

சர்க்கரை நோயாளிகளின் காலில் மரு தோன்றினால்.

நாற்பது வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றி விரைந்து வளர்ந்தால், தானே இரத்தம் கசிந்தால், ஆறாப் புண்ணானால்.

உள்ளங்காலிலோ நகத்தடியிலோ கருமை பரவினால். இந்தியர்களிடம் மெலனோமா என்னும் தோற்புற்று அரிது. வரும்போது பாதத்தில் தோன்றுவது மிகுதி. அதை மரு என்றோ காலாணி என்றோ எண்ணிக் காலம் கடத்துவது உயிருக்கே ஊறாகும்.

ஒரே விரலின் நகத்தோரத்தில் பல ஆண்டுகளாக ஆறாமல் இருந்தால். தசைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.

திடீரென மிகப் பல மருக்கள் தோன்றினால். ஸ்டீராய்டு மருந்து உண்போர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், எச்ஐவி தொற்றுள்ளோர் ஆகியோருக்கு மரு பரவினால்.

முகத்திலோ பிறப்புறுப்பிலோ மரு தோன்றினால்.

தொலைவு கருதித் தள்ளிப்போடாதீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவுகள் உள்ளன.

நிறைவாக

அந்தச் சிறுவனுக்கு முதலில் வெந்த புண்ணை ஆற்றினோம். அதன்பின் தாயாரிடம் மருந்தைக் கொடுத்து, இரவுதோறும் வைக்கும் முறையைச் செய்துகாட்டினோம். ஒன்பதாம் வாரத்தில் இரண்டு மருக்கள் மறைந்தன. பதினான்காம் வாரத்தில் ஒன்றைத் தவிர எல்லாம் மறைந்தன. எஞ்சிய ஒன்றுக்கு இன்னும் மருந்து வைத்துவருகிறான்.

அவனுடைய வகுப்பாசிரியருக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். 'இது சாதாரண மரு. உடன் அமர்வதால் பரவாது. இவன் மற்றப் பிள்ளைகளைப் போலவே அமரலாம், விளையாடலாம்' என்பது மட்டுமே அதில் இருந்தது. கடந்த முறை வந்தபோது கையைப் பைக்குள் வைக்காமல் வீசிக்கொண்டு வந்தான். மருந்து செய்ததைப் போன்றே அந்தச் சீட்டும் ஒரு வேலையைச் செய்திருக்கிறது.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிள்ளை ஒன்று கையை மறைத்துக்கொண்டு திரிந்தால், திட்டாதீர்கள், கிள்ளாதீர்கள், எதையும் தடவாதீர்கள். ஒருமுறை காட்ட அழைத்து வாருங்கள். மரு மெல்லப் போகும், தழும்பு போகாது.